காற்றும் குருதியும் சந்திக்குமிடம்: இப்னுந் நஃபீஸ் முதல் மரீ குரோக் வரை

"மூச்சு முழுவதையும் வெளியே விடுங்கள். இப்போது விரைவாக, நெஞ்சு நிறைய உள்ளிழுங்கள். அப்படியே அடக்கிக்கொள்ளுங்கள்." பெரிய மருத்துவமனைகளின் நுரையீரல் பிரிவில் நாள்தோறும் கேட்கும் சொற்கள் இவை. வாயில் ஒரு குழாய், மூக்கில் ஒரு பிடிப்பான், எதிரே ஒரு கருவி. நோயாளி பத்து விநாடிகள் மூச்சை அடக்கிப் பின் வெளியே விடுகிறார். காற்றில் உள்ள ஆக்சிஜனை நுரையீரல் எந்த அளவுக்குக் குருதிக்குள் கடத்துகிறது என்பது அந்தப் பத்து விநாடிகளில் கணக்கிடப்படுகிறது.

இச்சோதனை பிறந்த கதை டென்மார்க்கிலும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் நிகழ்ந்தது. ஆயினும் அதன் அடியில் உள்ள வினா மிகப் பழையது. குருதியும் காற்றும் எங்கே சந்திக்கின்றன? எப்படிச் சந்திக்கின்றன? இவ்வினாவின் முதற்பகுதிக்கு, ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த இப்னுந் நஃபீஸ் (ரஹ்) அளித்த விடையைப் பெருமிதத்தோடு நினைவுகூர்வது நம் சமுதாய மேடைகளில் வழக்கமாகிவிட்டது. அந்தப் பெருமிதம் நியாயமானதே. ஆனால் அவர் சொன்னது எது, சொல்லாதது எது, எந்த வழியில் அவர் அம்முடிவுக்கு வந்தார் என்பனவற்றை நாம் அரிதாகவே கேட்கிறோம். இக்கட்டுரையில் அவற்றையும், அவர் நிறுத்திய இடத்திலிருந்து பிறர் நடந்த தொலைவையும் காண முயல்வோம்.

திமிஷ்கிலிருந்து காஹிராவுக்கு

அலாவுத்தீன் அலீ இப்னு அபில் ஹஸ்ம் அல்குறஷீ என்பது அவரது பெயர். இப்னுந் நஃபீஸ் என்றே உலகம் அறியும். பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திமிஷ்குப் பகுதியில் பிறந்தார். சுல்தான் நூருத்தீன் ஸங்கீ 1154-இல் அந்நகரில் நிறுவிய நூரீ மருத்துவமனையில், தக்வார் என்னும் பேராசிரியரிடம் மருத்துவம் பயின்றார். பின்னர் காஹிராவுக்குச் சென்று, எகிப்தின் தலைமை மருத்துவர் என்னும் பதவி வரை உயர்ந்தார். சுல்தான் பைபர்ஸுக்கும் அவர் மருத்துவராக விளங்கினார்.

அவர் மருத்துவர் மட்டுமல்லர். காஹிராவின் மஸ்ரூரிய்யா மத்ரஸாவில் ஷாஃபிஈ ஃபிக்ஹைப் போதித்த சட்ட அறிஞருமாவார். ஷாஃபிஈ அறிஞர்களின் வரலாற்றைத் தொகுத்த இமாம் சுப்கீ (ரஹ்) தம் நூலில் அவருக்கும் இடமளித்துள்ளார். தமிழகக் கடற்கரை ஊர்களில் நம்மவர் பலர் பின்பற்றும் அதே மத்ஹபின் அறிஞர் அவர் என்பதை இங்கு நினைவிற்கொள்வது தகும். அவருடைய சட்டப் புலமைக்கும் மருத்துவ ஆய்வுக்கும் தொடர்பில்லை என்று நாம் எண்ணிவிடக் கூடாது. ஏன் என்பதைப் பின்னர்க் காண்போம்.

ஆசானின் நூலுக்கு உரை; ஆசானுக்கே மறுப்பு

அக்காலத்தில் மருத்துவம் என்றால் இருவர் பெயர் முன்நிற்கும். ஒருவர் கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் கிரேக்க மருத்துவர் ஜாலீனூஸ் எனப்படும் கேலன். மற்றவர் 'அல்கானூன்' தந்த இப்னு சீனா (ரஹ்).

கேலனின் கொள்கை இது: கல்லீரலில் உருவாகும் குருதி இதயத்தின் வலது கீழறைக்கு வருகிறது. அதில் ஒரு பகுதி, இரு கீழறைகளுக்கும் இடையே உள்ள சுவரின் கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியாக இடது அறைக்குக் கசிகிறது. அங்கே நுரையீரலிலிருந்து வரும் காற்றோடு கூடி உயிராவியாகிறது. இப்னு சீனாவும் அரிஸ்டாட்டிலைத் தழுவி இதயத்துக்கு மூன்று அறைகள் உண்டென்று எழுதினார். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அந்தத் துளைகளை ஒருவரும் கண்டதில்லை. அவை இல்லை என்று சொல்லவும் ஒருவரும் துணியவில்லை.

இப்னுந் நஃபீஸ் 'ஷரஹு தஷ்ரீஹில் கானூன்' என்னும் உரைநூலில் அதைச் சொன்னார். கானூனில் உள்ள உடற்கூற்றுப் பகுதிகளுக்கு எழுதப்பட்ட விளக்கம் அது. ஹிஜ்ரி 640-இல், அதாவது 1242-இல் எழுதப்பட்ட கைப்பிரதி ஒன்று கிடைத்திருப்பதால், ஏறத்தாழ முப்பது வயதுக்குள்ளேயே அவர் இதை எழுதிவிட்டார் எனத் தெரிகிறது. இதயத்துக்கு அறைகள் இரண்டே, இடைச்சுவர் தடித்தது, அதில் கண்ணுக்குத் தெரியும் துளையும் இல்லை, தெரியாத துளையும் இல்லை என்பது அவரது முடிவு. அப்படியாயின் குருதி இடப்பக்கம் செல்வது எவ்வாறு? வலது அறையிலிருந்து நுரையீரலுக்குச் செல்லும் பெருங்குழாய் வழியே அது நுரையீரலை அடைந்து, அதன் திசுவெங்கும் பரவி, காற்றோடு கலந்து, மற்றொரு குழாய் வழியே இடது அறைக்குத் திரும்புகிறது என்று அவர் விளக்கினார்.

இதற்கு அவர் காட்டிய காரணமும் நுட்பமானது. நுரையீரலுக்குச் செல்லும் குழாயின் சுவர் தடித்திருப்பது ஏன்? மிக மெல்லிய பகுதி மட்டுமே அதிலிருந்து கசிய வேண்டும் என்பதற்காக. திரும்பும் குழாயின் சுவர் மெலிந்திருப்பது ஏன்? கசிந்து வருவதை எளிதில் ஏற்பதற்காக. இரண்டுக்கும் இடையே வழிகள் உள்ளன என்றும் அவர் கூறினார். உறுப்பின் அமைப்பிலிருந்து அதன் பணியை ஊகிக்கும் முறை இது.

தம் ஆசானாகக் கொண்ட ஒருவரின் நூலுக்கு உரை எழுதிக்கொண்டே, அந்நூலின் கூற்றை ஆதாரம் காட்டி மறுப்பது நம் கல்வி மரபுக்குப் புதிதன்று. இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் முவத்தாவைப் பயின்றவர்கள். ஆசிரியர் மீது அளவற்ற மதிப்பு வைத்திருந்தவர்கள். எனினும் பல சட்டங்களில் அவர்களோடு கருத்து வேறுபட்டவர்கள். மதிப்பும் மறுப்பும் ஒருங்கே நிற்கும் இந்தப் பண்பாட்டில் வளர்ந்த ஃபகீஹ் ஒருவர், அதே பண்பை மருத்துவத்திலும் கையாண்டார் எனலாம்.

அவர் சொல்லாதவை

ஆயினும் மிகைப்படுத்தல் அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. உடல் முழுவதும் குருதி சுற்றிவருகிறது என்பதை அவர் கண்டறியவில்லை. அதை நிறுவியவர் 1628-இல் வில்லியம் ஹார்வி. ஆக்சிஜன் என்னும் தனி வாயுவையும் அவர் அறிந்திருக்க இயலாது. பிரீஸ்ட்லி அதைப் பிரித்தெடுத்தது 1774-இல்தான். நுரையீரலில் கலப்பின் நோக்கம் 'ரூஹ்' உருவாவதே என்று அவர் கருதினார். இந்த ரூஹ் நம் அகீதா நூல்கள் பேசும் ஆன்மா அன்று. இதயத்தில் உருவாகி உடலெங்கும் உயிர்ப்பைக் கொண்டுசெல்வதாக அக்கால மருத்துவர்கள் கருதிய நுண்ணிய ஆவி.

அவர் பிணக்கூறு ஆய்வு செய்தாரா என்பதிலும் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஷரீஅத்தும், இயல்பான இரக்கமும் தம்மை அதினின்று தடுத்ததாக அவரே நூலின் முன்னுரையில் குறிப்பிடுகிறார். ஆனால் அதே நூலில், துளைகள் இல்லை என்பதற்கு உடற்கூற்றையே சாட்சியாக அழைக்கிறார்.

ஏடு உறங்கிய காலம்

ஐரோப்பாவில் இதே கருத்தை 1553-இல் மிகுவேல் செர்வெட்டஸும், 1559-இல் ரியால்டோ கொலம்போவும் வெளியிட்டனர். அவர்களுக்கு இப்னுந் நஃபீஸின் கருத்து எட்டியதா? திமிஷ்கில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் வாழ்ந்த இத்தாலிய மருத்துவர் ஆந்திரேயா அல்பாகோ மொழிபெயர்த்த இப்னுந் நஃபீஸின் ஒரு பகுதி 1547-இல் வெனிஸில் அச்சானது உண்மை. ஆனால் அது கூட்டு மருந்துகள் பற்றியது. இதயம் பற்றிய பகுதி அவ்வழியே சென்றதற்கு உறுதியான சான்று இல்லை. எனவே, 'அவர்கள் நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள்' என்று உறுதியாகக் கூறுவது நேர்மையாகாது.

நம்மிடையே அந்த ஏடு என்னவாயிற்று என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி. பதினான்காம் நூற்றாண்டில் உரையாசிரியர் சதீதுத்தீன் அல்காஸரூனீ போன்ற சிலர் இக்கருத்தை எடுத்தாண்டனர். ஆனால் பரவலாகப் பயிலப்பட்டது இப்னுந் நஃபீஸின் மற்றொரு நூலான 'அல்மூஜஸ்' என்னும் கானூன் சுருக்கமே. அதன் உரைகள் இந்தியாவின் யூனானிக் கல்விக்கூடங்களிலும் பாடநூல்களாயின. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கேயே அச்சாயின. அந்தச் சுருக்கத்தில் அவர் சேர்க்காது விட்ட பகுதி எது தெரியுமா? உடற்கூறுதான். அவருடைய பெயரை நாள்தோறும் உச்சரித்த மாணவர்களின் கையில் அவருடைய தலைசிறந்த கண்டுபிடிப்பு இல்லாமற் போயிற்று.

1924-இல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தில் பயின்ற எகிப்திய மருத்துவ மாணவர் முஹ்யித்தீன் அத்ததாவீ, பெர்லின் நூலகக் கைப்பிரதியிலிருந்து அப்பகுதியைத் தம் ஆய்வேட்டில் வெளிக்கொணர்ந்தார். காஹிராவில் வாழ்ந்த ஜெர்மானிய மருத்துவ வரலாற்றறிஞர் மாக்ஸ் மேயர்ஹோஃப் அதன் மதிப்பை உணர்ந்து 1930-களில் உலகறியச் செய்தார். ஏறக்குறைய எழுநூறு ஆண்டுகள்!

கோபன்ஹேகனில் மீண்டும் ஒரு மறுப்பு

இதற்கிடையே ஐரோப்பாவில் வினா அடுத்த கட்டத்தை அடைந்திருந்தது. 1661-இல் மால்பிகி தவளையின் நுரையீரலில் நுண்குழாய்களை நுண்ணோக்கியால் கண்டார். இப்னுந் நஃபீஸ் ஊகித்த இடைவழிகள் கண்ணுக்குத் தெரிந்தன. பின்னர் ஆக்சிஜன் அறியப்பட்டது. அதைச் சுமப்பது ஹீமோகுளோபின் என்பதும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தெளிவாயிற்று. இனி எஞ்சியது ஒன்றே: நுண்ணறையின் மெல்லிய சுவரைக் கடந்து ஆக்சிஜன் குருதியை அடைவது எந்த விசையால்?

கோபன்ஹேகன் பேராசிரியர் கிறிஸ்தியன் போர், நுரையீரல் ஒரு சுரப்பியைப் போல ஆக்சிஜனைத் தானே உள்ளே தள்ளுகிறது என்றார். பின்னாளில் இயற்பியலில் புகழ்பெற்ற நீல்ஸ் போரின் தந்தை இவர். மீன்களின் நீந்துபை ஆக்சிஜனைச் சுரப்பது உண்மையாகையால் அவரது கருத்தை எளிதில் ஒதுக்க முடியவில்லை. இங்கிலாந்தின் ஜான் ஸ்காட் ஹால்டேனும் அதையே ஆதரித்தார். அவரும் லொரைன் ஸ்மித்தும் 1890-களில் கார்பன் மோனாக்சைடைப் பயன்படுத்திச் செய்த சோதனைகள், தமனிக் குருதியின் ஆக்சிஜன் அழுத்தம் நுரையீரல் காற்றில் உள்ளதைவிட அதிகம் எனக் காட்டுவதாகத் தோன்றின. நீர் மேட்டை நோக்கி ஓடுகிறதென்றால் யாரோ இறைக்கிறார்கள் என்றுதானே பொருள்?

போரின் உதவியாளராக இருந்தவர் அவுகுஸ்ட் குரோக். அவருடைய மனைவி மரீ குரோக் ஒரு மருத்துவர். இருவரும் சேர்ந்து, மிகச் சிறிய காற்றுக் குமிழ் ஒன்றைக் குருதியோடு தொடர்புகொள்ளச் செய்து, குமிழின் வாயுக்களைப் பகுத்தாய்ந்து குருதியின் அழுத்தத்தை அறியும் கருவியைக் கையாண்டனர். ஒவ்வொரு முறையும் குருதியின் ஆக்சிஜன் அழுத்தம் நுரையீரல் காற்றைவிடக் குறைவாகவே இருந்தது. யாரும் இறைக்கவில்லை, நீர் பள்ளத்தை நோக்கியே ஓடுகிறது. அழுத்தம் மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குப் பரவுதல் என்னும் எளிய இயற்கை விதியே போதுமானது. 1910-இல் ஏழு கட்டுரைகளாக இது வெளியாயிற்று. அவற்றில் அவுகுஸ்ட் குரோக், தாம் மறுக்க வேண்டியிருப்பது தம் ஆசிரியரையே என்பதை மறைக்காமல் சொல்லி, அவருக்குத் தாம் பட்ட கடனையும் நன்றியோடு பதிவு செய்தார். காஹிராவின் உரையாசிரியரை அவர் அறிந்திருக்க வழியில்லை. ஆயினும் இருவரின் நடையும் ஒன்றே.

மரீ குரோக்கின் அளவை

சுவரைக் கடப்பது வெறும் பரவுதல் என்றால், அதன் அளவு உடலுக்குப் போதுமா? கடும் உழைப்பின்போதும் போதுமா? இதை அளந்து காட்டியவர் மரீ குரோக். 1915-இல் வெளியான அவரது ஆய்வே இன்றைய சோதனைக்கு மூலம்.

ஆக்சிஜனைக் கொண்டே அளப்பதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. நுரையீரலுக்கு வரும் குருதியில் ஏற்கெனவே ஆக்சிஜன் இருக்கிறது. நுண்குழாயில் நகர நகர அதன் அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது. எனவே சுவரின் இருபுறத்து வேறுபாட்டைக் கணக்கிடுவது கடினம். கார்பன் மோனாக்சைடோ குருதியில் இயல்பாக இல்லையென்றே சொல்லலாம். ஹீமோகுளோபின் அதை ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பற்றுடன் பிடித்துக்கொள்வதால், குருதிப்பக்க அழுத்தம் ஏறத்தாழச் சுழியமாகவே இருக்கும். அதிகமானால் உயிரைக் குடிக்கும் அந்த நச்சுவாயு, மிகச் சிறிய அளவில் நம்பத்தகுந்த அளவுகோலாகிறது. சோதிக்கப்படுபவர் அக்கலவையை இழுத்து மூச்சை அடக்க, அடக்கத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் காற்று மாதிரிகள் எடுக்கப்பட்டன. வாயு எவ்வளவு குறைந்தது என்பதிலிருந்து நுரையீரலின் கடத்துதிறன் வெளிப்பட்டது. பரவுதல் ஒன்றே போதும் என்பதும் உறுதியாயிற்று. சுரப்புக் கொள்கைக்குத் துணைநின்ற வாயுவே, அக்கொள்கையை முடித்துவைக்கவும் துணைநின்றது.

எல்லோரும் உடனே ஏற்கவில்லை. 1911-இல் அமெரிக்காவின் பைக்ஸ் சிகரத்தில் ஆய்வு நடத்திய ஹால்டேன், உயர்ந்த மலைகளிலேனும் நுரையீரல் ஆக்சிஜனைச் சுரக்கிறது என்றார். அதைச் சோதிக்க, கேம்பிரிட்ஜின் ஜோசஃப் பார்கிராஃப்ட் 1920-இல் ஆக்சிஜன் குறைக்கப்பட்ட கண்ணாடி அறையொன்றில் ஆறு நாட்கள் தம்மைத் தாமே அடைத்துக்கொண்டார். இறுதியில் தம் மணிக்கட்டுத் தமனியைத் திறந்து குருதி எடுக்கச் செய்தார். சுரப்பிற்கான அறிகுறி இல்லை. 1921-22-இல் பெரு நாட்டின் செர்ரோ தெ பாஸ்கோ மலைநகருக்குச் சென்ற அவரது குழுவும் அதையே கண்டது. ஹால்டேன் 1936-இல் இறக்கும் வரை தம் கருத்தைக் கைவிடவில்லை. பெரிய அறிஞர்களும் தவறக்கூடும். அதனால் அவர்கள் சிறியவர்களாகிவிடுவதில்லை.

இன்றைய சோதனை

மரீ குரோக்கின் முறை நாற்பது ஆண்டுக்காலம் மருத்துவமனைக்கு வரவில்லை. வாயுக்களைப் பகுத்தாய்வது அத்துணை உழைப்பைக் கோரியது. அகச்சிவப்புக் கதிர்க் கருவிகள் வந்த பின், 1950-களில் அமெரிக்காவின் ராபர்ட் ஃபார்ஸ்டரும் உடன் பணியாற்றியவர்களும் அதைப் புதுப்பித்தனர். 1957-இல் அவர்கள் வகுத்த பத்து விநாடி முறையே சிறு திருத்தங்களுடன் இன்றும் தொடர்கிறது.

இக்காலக் கலவையில் கார்பன் மோனாக்சைடு நூற்றுக்கு 0.3 பங்கே. உடன் ஹீலியமோ மீத்தேனோ சிறிதளவு இருக்கும். இவை குருதியில் ஏறக்குறையக் கலப்பதில்லையாதலால், கலவை நுரையீரலில் எவ்வளவு இடத்தில் பரவியது என்பதைக் காட்டும். கார்பன் மோனாக்சைடின் குறைவோ எவ்வளவு கடந்தது என்பதைக் காட்டும். உடல்நலமுள்ள பெரியவர்க்கு இக்கடத்துதிறன், ஒரு மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்துக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 25 மில்லிலிட்டர். வயது, உயரம், பால் ஆகியவற்றுக்கேற்ப இது மாறும்.

நுரையீரலின் நுண்ணறைகள் கோடிக்கணக்கானவை. விரித்தால் அவற்றின் பரப்பு ஏறத்தாழ 70 சதுர மீட்டர். குருதிக்கும் காற்றுக்கும் இடையே உள்ள சுவரோ பெரும்பாலான இடங்களில் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கினும் மெல்லியது. அச்சுவர் தடித்துத் தழும்பேறும் நோய்களில் கடத்துதிறன் குறையும். புகைப்பழக்கத்தால் நுண்ணறைகள் சிதைந்து பரப்பு சுருங்கினாலும், நுரையீரல் குழாய்கள் அடைபட்டாலும் குறையும். சாதாரண ஊதல் சோதனை சரியாக இருக்கும்போதே இச்சோதனை நோயைக் காட்டிவிடுவதும் உண்டு. 2020-இல் தொடங்கிய கோவிட் பெருந்தொற்றிலிருந்து மீண்டும் மூச்சுத் திணறலோடு வந்தவர்களிடம் மிகுதியாகக் காணப்பட்ட நுரையீரல் குறைபாடும் இக்கடத்துதிறன் குறைவே.

இங்கே இன்னொன்றும் கருதத்தக்கது. 1957-இல் ரவுட்டனும் ஃபார்ஸ்டரும், கடத்தலுக்குத் தடைகள் இரண்டு என்று காட்டினர். ஒன்று சுவர், மற்றொன்று குருதி. சுவர் நலமாக இருந்தாலும் குருதியில் ஹீமோகுளோபின் குறைந்தால் அளவு குறையும். எனவேதான் சோகையுள்ளவர்க்குத் திருத்தம் செய்து கணிக்கிறார்கள். காற்றும் குருதியும் சந்திக்குமிடத்தில் இரு தரப்பையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

நம் முன் உள்ள கேள்வி

இனி, இந்த வரலாற்றில் நமக்குரிய பங்கு எது? இப்னுந் நஃபீஸை மரீ குரோக்கின் முன்னோடியாக நேர்கோட்டில் நிறுத்த இயலாது. அவரது ஏடு கோபன்ஹேகனை எட்டவில்லை. ஆனால் அந்த இடத்தை, அதாவது காற்றும் குருதியும் சந்திப்பது நுரையீரலிலேயே என்பதை, முதலில் சுட்டியவர் அவர். அதைச் சுட்ட அவருக்கு இரண்டு தேவைப்பட்டன. ஆசானின் நூலை வரிவரியாகக் கற்கும் பொறுமை. கற்றபின் அது பொருந்தவில்லையெனில் பொருந்தவில்லை என்று சொல்லும் நேர்மை. இவ்விரண்டில் முதலாவதை நம் மத்ரஸாக்களும் பள்ளிகளும் ஓரளவு காத்து வந்துள்ளன. இரண்டாவது நம்மிடம் மெலிந்துவிட்டதோ என்னும் ஐயம் நமக்கு உண்டு. இப்னு சீனா சொன்னார் என்பதற்காகவே ஒன்றை ஏற்க மறுத்தவரை, 'இப்னுந் நஃபீஸ் அன்றே சொல்லிவிட்டார்' என்னும் ஒற்றை வரியில் அடக்கிவிட்டு, அவரது நூலைத் திறவாமல் இருப்பது முரணன்றோ?

ஹிஜ்ரி 687-இல், 1288-ஆம் ஆண்டின் இறுதியில், அவர் காஹிராவில் மறைந்தார். சுல்தான் கலாவூன் அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான் மன்ஸூரீ மருத்துவமனையைக் கட்டியிருந்தார். தம் வீட்டையும் நூலகத்தையும் அம்மருத்துவமனைக்கே இப்னுந் நஃபீஸ் வக்ஃபு செய்துவிட்டுச் சென்றார். நூல்கள் நோயாளிகளுக்கு அருகில், மருத்துவம் கற்போர் கையில் இருக்க வேண்டும் என்று அவர் விரும்பினார் போலும். அந்த வக்ஃபின் பயனாளிகளாக நம்மையும் கருதிக்கொள்வோமாயின், அவர் எழுதியதைப் படிப்பதும், பிறர் அளந்ததைக் கற்பதும், நம் காலத்தில் அளக்கப்படாமல் இருப்பதை அளக்க முனைவதும் நம் கடமையாகும். வல்ல இறைவன் அதற்கு அருள்புரிவானாக.